பதினொன்று பதினேழு

ஜூலை 3
ஆறு மணிச் சங்கு இன்றும் நான்கு நிமிடம் தாமதம். ஆலையின் டைம் ஆபீஸில் முப்பத்தொரு வருடம் இருந்த என் கணவரின் கைக்கடிகாரம் பொய் சொல்லாது. நிர்வாகத்துக்கு மூன்றாவது கடிதம் போட்டேன். சங்குக்காரன் கடைத்தெருவில் எதிர்ப்பட்டு, "ஏம்மா, உங்க வாட்சுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தமா?" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. நான் படித்த கான்வென்ட்டில் ஒரு நிமிடம் பிந்தினாலும் எங்களை வராந்தாவில் நிறுத்துவார்கள்.

ஜூலை 19
மூன்று நாளாக மழை. சங்கின் நெம்புகோல் சிக்கிப் பத்து நிமிடம் விடாமல் அலறியது. கீழ்வீட்டுத் தையற்காரி, பாதி தைத்த பாவாடையோடு மாடிக்கு ஓடிவந்துவிட்டாள். ஊருக்கு மேலே இருக்கிற ஆலை அணைக்கு ஆபத்தென்றால் இப்படித்தான் விடாமல் ஊதுவார்கள். "உசுரு போய் உசுரு வந்துச்சு பெரியம்மா!" தேநீர் போட்டுக் கொடுத்து அனுப்பினேன். நான்காவது கடிதம்.

ஆகஸ்ட் 9
காலை 11.17. மறுபடியும் விடாமல் சங்கு. தையற்காரி பாதிப் படி ஏறி, என்னவென்று கேட்டாள். "அந்தச் சோம்பேறியோட வேலைதான், போய்த் தையலைப் பார்" என்று திருப்பி அனுப்பினேன். ஐந்தாவது கடிதம் எழுத வேண்டும்.

ஆகஸ்ட் 14
ஒன்பதாம் தேதி அணை உடைந்துவிட்டது. தண்ணீர் என் வாசலுக்கு இரண்டு படி கீழே நின்றது. கீழ்வீட்டுக் கதவைத் திறக்க மூன்று ஆட்கள் வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 16
எட்டுப் படிதான் பாக்கி. ஏறி வந்துட்டாளே! வாடின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நான்? என்ன திமிர் — என்ன பெரிய மணிக்கணக்கு —

செப்டம்பர் 2
விசாரணை தொடங்கியது. ஆலைத் தரப்பில் சொல்வது: அணைச் சுவர் உடைந்தது பதினொன்று இருபத்தைந்துக்கு, சங்குக்காரன் தூங்கிவிட்டான், உடைந்த பிறகுதான் ஊதினான். அவன் கடமை தவறியவன் என்பதற்கு ஆதாரம் என் நான்கு கடிதங்கள். அவனால் மறுத்துப் பேச முடியாது. சங்கின் நெம்புகோல் அறையிலிருந்துதான் அவன் உடலை எடுத்தார்கள்.

வெளியே தையற்காரியின் புருஷன். அன்று மேட்டுப் பட்டறையில் வேலையாக இருந்தவன். "அந்தத் தூங்குமூஞ்சி நேரத்துக்கு ஊதியிருந்தா என் பொண்டாட்டி மாடிக்கு வந்திருப்பா. இல்லீங்களா பெரியம்மா?"

தலையை ஆட்டினேன். ஆட்டினேனா? ஆட்டினேன்.

செப்டம்பர் 5
சங்குக்காரனின் மனைவி வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "குழாயடியில என்னைத் தூங்குனவன் பொண்டாட்டின்னு கூப்பிடுறாங்க. நீங்கதான் எப்பவும் மணி பாப்பீங்களே. அவரு எத்தனை மணிக்கு ஊதினாரு? திட்டிக்கிட்டாவது சொல்லுங்கம்மா."

அவள் போனபின் இந்த நோட்டை எடுத்தேன். ஆகஸ்ட் ஒன்பது. சுவர் உடைய எட்டு நிமிடம் முன்னாலேயே ஊதியிருக்கிறான். முதல் வரியை மட்டும் படித்தால் அவன் பெயர் மீண்டுவிடும். அடுத்த வரியை யார் கேட்கப் போகிறார்கள்?

செப்டம்பர் 8
விசாரணையில் படித்தேன். அன்று எழுதிய அத்தனையும். "போய்த் தையலைப் பார்" என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். திரும்ப முதலிலிருந்து படிக்கச் சொன்னார்கள். படித்தேன்.

நிமிர்ந்தபோது தையற்காரியின் புருஷன் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருந்தது.

செப்டம்பர் 9
கீழே தையல் மெஷினை யாரோ துடைக்கும் சத்தம். இறங்கிப் போக எனக்கு யோக்கியதை இல்லை.

நவம்பர் 20
புதுச் சங்கு வைத்திருக்கிறார்கள். இரண்டு மணி ஷிப்டுக்குச் சரியாக ஊதுகிறதா, தெரியாது. கடிகாரம் அலமாரியில் சாவி கொடுக்காமல் கிடக்கிறது. எந்தச் சங்கு கேட்டாலும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு மொட்டைமாடிக்கு ஏறிவிடுகிறேன். பார்க்கிறவர்கள் சிரிக்கட்டும்.

இன்று ஏறியபோது தையற்காரியின் புருஷன் அங்கே எனக்கு முன்பே நின்றிருந்தான். முகம் அணைப் பக்கம். சங்கு நிற்கும்வரை இருவரும் நின்றோம். முதலில் இறங்கியவன் அவன்தான். இருட்டாக இருந்த படி வளைவில் திரும்பி, எனக்குக் கையை நீட்டினான்.