தேர்வு-2 நகர மறுக்கிறது

ஸ்ரீரங்கம்,
2.6.2025

அன்புள்ள நசீரா அவர்களுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆறு வருடங்களுக்குப் பிறகு வேலை விஷயமாக எழுதுகிறேன். உங்கள் எண் என் போனில் இல்லை. உங்கள் தெருவில் குடியிருக்கும் நம் லேப் மார்ட்டின் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

கல்லூரியின் பழைய சர்வரைக் காலி செய்து புதியதற்கு மாறுகிறோம். அதற்குள் தனித்தனிக் கம்ப்யூட்டர்போல ஓடிய நாற்பத்தொரு விர்ச்சுவல் மெஷின்களில் நாற்பது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டன. ரிசல்ட் வெளியிடும் ‘தேர்வு-2’ மட்டும் நகர மறுக்கிறது. அதற்கு அறுபத்துநாலு ஜி.பி. மெமரியை ரிசர்வ் செய்து வைத்திருக்கிறீர்கள். அது பயன்படுத்துவதோ ஒன்பது. புதிய சர்வரில் எழுபது சும்மா கிடக்கிறது. ஆனால் சர்வர் சும்மா கிடப்பதைப் பார்ப்பதில்லை. மற்ற மெஷின்களுக்கு ரிசர்வ் என்று கொடுத்த வாக்கைக் கூட்டிப் பார்க்கிறது. யாருக்கும் வாக்குக் கொடுக்காமல் மீதி இருப்பது முப்பதுதான்.

ஏன் ரிசர்வ் செய்தீர்கள் என்று குறிப்புப் பெட்டியில் ஒரு வரிகூட இல்லை. 14ஆம் தேதி பழைய சர்வரை நிறுத்திவிடுவார்கள். 16ஆம் தேதி ரிசல்ட். ரிசர்வேஷனை எடுத்துவிடலாமா?

இப்படிக்கு,
ஜோதி

*

பாலக்கரை,
4.6.2025

அன்பு ஜோதி,

‘அவர்களுக்கு’ என்று பார்த்ததும் வக்கீல் நோட்டீஸோ என்று பயந்துவிட்டேன். நானும் வீட்டுக்காரர் ஹாலித்தும் நலம். நான் இப்போது அரியமங்கலத்தில் பட்டறைகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். லேத்துக்காரர்கள் சத்தம் போடுவார்கள். ரிப்போர்ட் எழுத மாட்டார்கள்.

எடுக்காதே. 2018 ரிசல்ட் அன்று நீ தங்கை கல்யாணத்துக்கு லீவில் இருந்தாய். தேர்வு-2 வருடம் முழுவதும் தூங்குகிற ஜென்மம். அது தூங்கும்போது பக்கத்திலிருந்த அட்மிஷன் மெஷின் அதன் மெமரியை இழுத்துக்கொண்டது. எழுந்து கேட்டபோது கிடைக்கவில்லை. மூன்று மணி நேரம் ரிசல்ட் திறக்கவில்லை. கல்லூரிக் கேட்டில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “மார்க்கெல்லாம் வேணாம்மா, பாஸா ஃபெயிலான்னு மட்டும் சொல்லிடுங்க” என்றார். அன்றைக்குத்தான் ரிசர்வ் செய்தேன்.

மறு வருடம், “நசீரா தேவையில்லாமல் மெமரியை முடக்குகிறார்” என்று நீ பிரின்சிபாலுக்கு எழுதினாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் செய்த மற்ற எல்லா ரிசர்வேஷனையும் எடுத்தேன். இதை மட்டும் எடுத்துவிட்டதாகப் பொய் சொன்னேன். அப்புறம் வேலையையும் விட்டேன்.

நீ பார்க்காமல் நம்பமாட்டாய். எடுத்துவிட்டு நகர்த்திப் பார். அட்மிஷன் நடக்கும் நேரத்தில் லேப் பிள்ளைகளை ஒன்றாக ரிசல்ட் பக்கத்தைத் திறக்கச் சொல். பிறகு எழுது.

உன்,
நசீரா

பி.கு: மார்ட்டின் கேட்கிறார்: “ரெண்டு பேர் கையிலயும் போன் இருக்கு. நான் எதுக்கு மேடம் காவிரிப் பாலத்து டிராஃபிக்ல வேகணும்?”

*

ஸ்ரீரங்கம்,
9.6.2025

அன்புள்ள நசீரா,

ரிசர்வேஷனை எடுத்தேன். நாலே நிமிடத்தில் தேர்வு-2 புதிய சர்வருக்குப் போய்விட்டது. அந்தச் சந்தோஷத்தில் உனக்கு ஒரு கடிதமும் எழுதினேன். அதைக் கிழித்துவிட்டேன்.

ஏனென்றால், இன்று காலை பதினொன்றுக்கு நூற்றிருபது மாணவர்களை உட்காரவைத்தேன். ஆளுக்குப் பத்து ஜன்னலில் ரிசல்ட் பக்கம். மார்ட்டின் விசில் ஊதினார். ஏழாவது விநாடியில் எல்லாம் நின்றது. ஐந்து நிமிடம் கழித்து ஒரு பெண், “மேம், இது வர்றதுக்குள்ள எங்களுக்குக் கல்யாணமே ஆயிடும்” என்றாள். சும்மா கிடந்த எழுபதையும் அட்மிஷன் மெஷின்தான் எடுத்துக்கொண்டிருந்தது. நீ சொன்ன அதே கதை.

இருபத்துநாலு ஜி.பி. ரிசர்வ் செய்து மறுபடி ஓட்டினேன். தங்கு தடையில்லாமல் திறந்தது. உச்சத்தில் இருபத்தொன்று வரை போனது. ஆக, ரிசர்வ் செய்தது சரி. அறுபத்துநாலு சரியில்லை. அதை நான் விடமாட்டேன்.

இன்னொன்று. ஒவ்வொரு வருடமும் ரிசல்ட் சிக்கலில்லாமல் வந்ததற்கு எனக்கு நன்றி சொன்னார்கள். போன வருடம் சால்வையும் போர்த்தினார்கள். என் கைவண்ணம் என்றே நினைத்திருந்தேன். தொந்தரவு தராத மெஷின் என்பதால் ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை. 2019இல் அந்த ரிப்போர்ட்டையும் எதையும் ஓட்டிப் பார்க்காமல்தான் எழுதினேன். அது தவறு.

ஜோதி

*

பாலக்கரை,
11.6.2025

அன்பு ஜோதி,

‘அது தவறு’ என்ற வரியை ஹாலித்துக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். “ஜோதியம்மாவா எழுதினாங்க? கையெழுத்தை நல்லாப் பாரு” என்கிறார்.

அறுபத்துநாலு ஏன் என்றால், நம் கல்லூரியில் முப்பது கேட்டால் பதினைந்துதான் தருவார்கள். பாதியாக வெட்டுவார்கள் என்று நம்பிக் கேட்டேன். யாரும் வெட்டவில்லை. வெட்டக்கூடிய ஒரே ஆள் திறந்தே பார்க்கவில்லை.

ஆனால் இருபத்துநாலு போதாது. லேபில் பிள்ளைகள் மட்டும்தான் பார்த்தார்கள். ரிசல்ட் அன்று சித்தப்பா, அத்தை, துபாயில் இருக்கும் மாமா எல்லோரும் பார்ப்பார்கள். மீதி முப்பது இருக்கிறதே, இருபத்தெட்டாவது கொடு. உன் அளவை நம்பு, என் சந்தேகத்தையும் கொஞ்சம் நம்பு.

சால்வையில் பாதி என்னுடையது. என்ன நிறம்?

உன்,
நசீரா

*

ஸ்ரீரங்கம்,
16.6.2025

அன்பு நசீரா,

இருபத்தெட்டு கொடுத்தேன். மனமில்லாமல்தான். பழைய சர்வரை சனிக்கிழமையே நிறுத்திவிட்டார்கள், திரும்பிப் போக வழியில்லை. இன்று பத்து மணிக்கு ரிசல்ட் வெளியானது. பத்து ஏழுக்கு மெமரி இருபத்துநாலைத் தாண்டியது. என்னருகில் நின்ற மார்ட்டின் சிலுவை போட்டுக்கொண்டார். இருபத்தாறில் நின்று இறங்கியது. ஒருவருக்கும் பக்கம் நிற்கவில்லை. உன் மாமாக்களும் அத்தைகளும் வந்துவிட்டார்கள்.

பிரின்சிபால் நன்றி சொல்ல வந்தார். இந்த ஏற்பாடு 2018இல் நீ செய்தது, அதை எதிர்த்து நான் எழுதிய ரிப்போர்ட் தவறு என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். நகல் இத்துடன் இருக்கிறது.

சால்வை மெரூன். முழுதாகவே அனுப்பியிருக்கிறேன், வெட்டினால் யாருக்கும் ஆகாது.

தேர்வு-2இன் குறிப்புப் பெட்டியில் இப்போது ஒரு வரி இருக்கிறது: ‘இந்த ரிசர்வேஷனைத் தொடும் முன் நசீராவிடம் கேட்கவும்.’ அதன் கீழே போன் எண்ணுக்கு இடம் விட்டிருக்கிறேன். என் போனிலிருந்து உன் எண்ணை அழித்து ஆறு வருடமாகிறது. மனப்பாடமாகத் தெரியும், இருந்தாலும் உன்னிடம் கேட்காமல் எழுதுவது சரியில்லை. இன்று மாலை ஆறு மணிக்குக் கூப்பிட்டுக் கேட்கிறேன். மார்ட்டினுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும்.

உன்,
ஜோதி