காலியான மாத்திரைப் புட்டி

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பாய் என்று நினைக்கிறேன். இங்கே நானும் குழந்தையும் நலம். உன் மனைவியை அதில் சேர்க்காதது கைதவறி இல்லை, அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ பார்சலில் அனுப்பிய ஜிங்க் மாத்திரை தீர்ந்துவிட்டது. பிள்ளை பெற்றவளுக்கு மனசு தெளியும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு வாங்கினாயாமே. போனை எடுத்ததும் மாத்திரை போட்டியா என்பாய், போட்டாச்சு என்பாள், அதோடு பேச்சு முடிந்துவிடும். ஜன்னலோரம் புட்டி இறங்கிக்கொண்டே வந்ததால் நானும் நம்பினேன். போட்டது அவள் இல்லை, உன் அத்தை புருஷன். ஜிங்க் தின்றால் முடி முளைக்கும் என்று அவர் சலூனுக்கு வந்த எவனோ சொன்னானாம். குழந்தையைப் பார்க்க வருகிற சாக்கில் தினமும் வெறும் வயிற்றில் விழுங்கியிருக்கிறார். போன வாரம் நம் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தபோது உண்மையும் சேர்ந்து வந்தது. தலை அப்படியேதான் பளபளக்கிறது, அவர் கடைக்குத் தனியாகக் கண்ணாடி வேண்டாம்.

பார்த்துக்கொண்டு ஏன் சும்மா இருந்தாய் என்று உன் மனைவியைக் கேட்டேன். “யாராவது முழுங்கட்டும், புட்டி காலியானா உங்க பிள்ளை கேள்வி கேக்கமாட்டாரு” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “பாப்பா அழறது அடுத்த வீட்டுல அழற மாதிரி கேக்குது” என்றாள், துணியை மடித்துக்கொண்டே, விலைவாசி சொல்வதுபோல. மறுநாள் புருஷனுக்காகச் சமாதானம் பேச வந்த உன் அத்தை, “நாங்கல்லாம் பெக்கலையா, எல்லாம் செல்லம்” என்று நீட்டினாள். நீ பிறந்து நான் சுவரைப் பார்த்துக் கிடந்தபோது, பார்க்க வந்தவர்களிடம் “நடிக்கிறா” என்று சொன்னதும் இதே வாய்தான். அன்றைக்கு அவள் கட்டியிருந்தது ஊதாப் புடவை, ஓரம் பிரிந்திருந்தது, எனக்கு எதுவும் மறக்கவில்லை. குழந்தை தூங்கணும் கிளம்புங்க அண்ணி என்று பாதிக் காபியில் டம்ளரை வாங்கிக்கொண்டேன்.

அன்றே உன் மனைவியை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். ரத்தம் பார்த்ததில் இரும்புச் சத்து ரொம்பக் குறைவு. பிரசவமானபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்பு மாத்திரை அட்டை பிரிக்காமலே கிடந்தது, நீ அனுப்பிய பளபளப்பான புட்டி வந்ததும் அதை எல்லோரும் ஒதுக்கிவிட்டோம். இப்போது வேளை தவறாமல் கொடுக்கிறேன், காபியோடு சேர்க்கக் கூடாதாம். ஆனால் டாக்டரம்மா சொன்னதைக் கவனமாகப் படி. “ரத்தம் ஏறினா சோர்வு குறையும், மனசுக்கும் தெம்பு வரும். ஆனா அது மட்டும் போதாது. இதுவும் ஒரு வியாதிதான், தனியா வைத்தியம் பாக்கணும்” என்றார். அவர் கேட்கக் கேட்க உன் மனைவி, எங்கேயாவது போய்விட வேண்டும், திரும்பி வரக் கூடாது என்று தோன்றுவதாகச் சொன்னாள். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். அவளைத் தனியாக விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். இப்போது என் அறையில்தான் படுக்கிறாள்.

வீட்டுக்காரர் எப்படி என்று டாக்டரம்மா கேட்டதற்கு, நல்லவர், மாத்திரையைப் பற்றி விசாரிப்பார் என்றாள். வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை அவளுக்கு. ஆகையால் அடுத்த பார்சல் வேண்டாம். லீவு கேட்டு வா. வந்து அறிவுரை சொல்லாதே, பக்கத்தில் உட்கார், அவள் பேசினால் பேசி முடிக்கும்வரை கேள்.

இதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். “வரச் சொன்னதை மட்டும் அடிச்சிடுங்க, அவருக்கு அங்க ஆயிரம் வேலை” என்றாள். நான் அடிக்கவில்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும், உன் குடும்பமும் நன்றாக இருக்க வேண்டும். புறப்படும் தேதியை என்னிடம் சொல்லாதே, அவளிடம் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா