நூல் வழியே வந்த கேள்வி

புரட்டாதி 11, ஞாயிறு

இந்த வீட்டுக்கு நான் வாழ வந்து நான்கு மாதம். அவருடைய மூத்த தாரத்தின் மகள் ஆரணிக்கு எட்டு வயது. தாயில்லாத பிள்ளை. இன்றுதான் தானாக என்னிடம் வந்தாள்.

"சின்னம்மா, ரெண்டு யோகட் கோப்பை இருக்கோ? ரீச்சர் நூல் ரெலிபோன் செய்து பார்க்கச் சொன்னவா."

கோப்பைகளின் அடியில் ஊசியால் துளையிட்டு, தையல் நூலைக் கோர்த்து, உள்ளே நெருப்புக்குச்சித் துண்டில் முடிந்தோம். ஒன்றை எடுத்துக்கொண்டு அவள் வயல் வரம்பு வரை போனாள். நான் குசினி வாசலில் நின்றேன். நூல் விறைத்ததும் கோப்பையைக் காதில் வைத்தேன். முதலில் காற்றின் இரைச்சல். பிறகு, என் காதுக்குள்ளேயே பிறந்தது போல அவள் குரல்.

"நீங்களும் அம்மா மாதிரிப் போயிடுவீங்களோ?"

முகத்தைப் பார்த்து ஒருநாளும் கேட்டிருக்க மாட்டாள். கோப்பையை வாய்க்கு மாற்றினேன்.

"இல்லையம்மா. உன்னோடதான் இருப்பன்."

தூரத்தில் மஞ்சள் வெயிலுக்குள் அவள் அசையாமல் நின்றாள். நான் சொன்னது போய்ச் சேர்ந்ததோ தெரியவில்லை. திரும்பவும் காதில் வைத்தேன்.

"கேட்டுது சின்னம்மா. நூலைத் தளர விடாதேங்கோ."

இருட்டும்வரை கதைத்தோம். என்னவெல்லாம் கதைத்தோம் என்று எழுத நித்திரை விடவில்லை.