வேலை தேடாதவர்கள்

சென்னை
ஆகஸ்ட் 1973

கண்ணுசாமி அண்ணன் ஊருக்கு வந்து சொன்ன அளவுக்கு அலுவலகத்தில் சண்டையெல்லாம் இல்லை அப்பா. என் வேலைக்கு ஆபத்து வரவில்லை. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மாவின் இருமல் நின்றதா? நான் நன்றாக இருக்கிறேன்.

நடந்தது இதுதான். வேலையில்லாதவர்களை எண்ணுவது எங்கள் அலுவலகத்தின் வேலை. நம் குத்தாலம் பக்கம் அவர்கள் குறைந்துவிட்டதாக அறிக்கை தயாராகியிருக்கிறது. நாம் கூலி உயர்வு கேட்டதிலிருந்து மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை வைத்துத்தானே நாற்று நடுகிறார்கள்? நம் தெருவே சும்மா கிடக்கும்போது எப்படிக் குறையும் என்று மேலதிகாரி வாஞ்சிநாதனிடம் கேட்டேன்.

"போன வாரம் வேலை தேடினீங்களான்னு கேட்டோம். இல்லைன்னாங்க. தேடாதவங்களை அந்தக் கணக்குல சேர்க்க முடியாதும்மா."

"எங்க ஊர்ல யாரும் தேடிப் போறதில்ல சார். மிராசுதாரோட காரியக்காரர்தான் சாயங்காலம் தெருவுக்கு வந்து ஆள் கூப்பிடுவாரு. கூப்பிடாம வயல்ல இறங்கினா அடி விழும்."

"அதுக்கெல்லாம் படிவத்துல கட்டம் இல்லையே" என்று சிரித்தார்.

அம்மாவைப் போன்றவர்களை 'வீட்டு வேலை செய்பவர்' என்று எழுதியிருக்கிறார்கள். ஊரான் வயலில் இடுப்பொடிந்தவள், அடுப்பு எரியாத வீட்டில் என்ன வேலை செய்கிறாள் என்று எழுதுகிறார்கள்? ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அம்மாவின் பழைய சேலை ஒன்று அனுப்புங்கள். இங்கே தலையணை சரியில்லை. துவைக்க வேண்டாம்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. அறிக்கையில் நானும் கையெழுத்துப் போட வேண்டும் என்று கூப்பிட்டார்கள். போடாமல் அதை வாஞ்சிநாதன் மேசையிலேயே வைத்துவிட்டு வந்து, இந்த உறையை ஒட்டுகிறேன்.

மலர்க்கொடி