சுடர்மனையில் வாசித்த கடிதங்கள்

காங்கேயம்
12.3.2004

அன்புள்ள சீனிக்கு,

உன் புருஷன் காசிமாயன் எழுதுவது. நான் சுகம். நீ சுகமா என்று உன்னை மட்டும் தனியாகக் கேட்க வழியில்லை. வெளி ஆட்களான புறத்தாரிடமிருந்து மனைக்குக் கடிதம் வந்தால், யார் பேருக்கு வந்ததோ அவர் வெள்ளிக்கிழமைக் கூடுகையில் எழுந்து நின்று சத்தமாக வாசிக்க வேண்டும், வாசித்த கையோடு விளக்கில் காட்டி எரித்துவிட வேண்டும். மனையை நடத்தும் பெரியவர் புறத்தார் எழுத்தைக் கண்ணால் பார்க்கமாட்டார், தீட்டு. நாலு வருஷம் சுடர்மனையில் உட்கார்ந்து எத்தனை பேர் கடிதத்தைக் கேட்டிருப்பேன்! இப்போது நானே புறத்தான். ஆகவே மனையார் அனைவருக்கும் வணக்கம். இருமல் இருப்பவர்கள் இப்போதே இருமிக்கொள்ளுங்கள், கடிதம் கொஞ்சம் நீளம்.

நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் என் வாயால் நான் சொல்லவில்லையே. உசிலம்பட்டியிலிருந்து அய்யா செத்துப்போனார் என்று போன் வந்த அன்று, புறத்தார் சாவுக்கு மனையார் போவதில்லை என்று பெரியவர் சொல்லிவிட்டார். பெத்த அப்பனுக்குக் கொள்ளி வைக்காமல் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்து பனியன் தைக்க எனக்கு மனசு ஆகவில்லை. போனேன். பதினாறு கழித்து வந்தால் கேட் பூட்டியிருக்கிறது. பெரியவருக்கு எழுத்து வேலை பார்க்கும் மணியன், உள்ளே நின்றபடியே என் துணிப்பையைக் கேட்டுக்கு மேலே தூக்கிப் போட்டான். பையில் பல் விளக்கும் பிரஷைக்கூட மறக்காமல் வைத்திருந்தாய். ரோட்டில் உட்கார்ந்து அழுதேன், சீனி. சொல்ல வெட்கமில்லை.

இப்போது காங்கேயத்தில் ஒரு எண்ணெய் மில்லில் இருக்கிறேன். கொப்பரையைக் களத்தில் காயப்போடுவது, திருப்பிப்போடுவது, மேகம் கறுத்தால் ஓடிப்போய் அள்ளுவது. மில்லுக்கார அம்மா செல்லாத்தாள் நல்ல மனுஷி. "ஏங்கண்ணு, கொப்பரையத் திங்கறதுன்னா தின்னுக்க, ஆனா சொல்லிப்போட்டுத் தின்னு" என்கிறார்.

மனையை விட்டு வந்தவன் மனையைத் திட்டுவான் என்று நீங்கள் எல்லோரும் நினைப்பீர்கள். இல்லை. கரண்ட் போனால் அத்தனை மிஷினும் ஒரே நேரத்தில் நிற்குமே, அந்த நிசப்தத்தில் சமையல்கட்டிலிருந்து மூக்கம்மாள் அக்கா ஒரு பாட்டை எடுத்துக் கொடுப்பாரே, கட்டிங் டேபிள், செக்கிங், பேக்கிங் என்று அறுபது பேரும் சேர்ந்து பாடுவோமே, அதற்கு ஏங்குகிறேன். இங்கே கரண்ட் போனால் ஆளுக்கொரு பீடியைப் பற்றவைக்கிறார்கள். நம் பிள்ளை பிறந்த அன்றே போனபோது, பேர் தெரியாத நமக்கு ரசமும் சோறும் கொண்டுவந்து பத்து நாள் பக்கத்தில் உட்கார்ந்தது இந்த மனை ஆட்கள்தான். அப்படித்தானே மனையில் சேர்ந்தோம், அதை எப்படி மறப்பேன்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
காசிமாயன்


சுடர்மனை, பெருமாநல்லூர் வழி
9.4.2004

புறத்தார் திரு. காசிமாயன் அவர்களுக்கு,

மனையார் சீனியம்மாள் எழுதுவது. தங்கள் கடிதம் கூடுகையில் வாசிக்கப்பட்டு முறைப்படி எரிக்கப்பட்டது. இங்கு நான் குறையின்றி இருக்கிறேன். மனையே தாய், மனையே தந்தை. தங்கள் தந்தையின் மறைவு புறத்தார் உலகத்தைச் சேர்ந்தது. தங்களுக்கு நல்ல புத்தி உண்டாகச் சுடரின் முன் வேண்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மனையார் சீனியம்மாள்


காங்கேயம்
16.8.2004

அன்புள்ள சீனிக்கு,

உன் கடிதம் வந்தது. கையெழுத்து உன்னுடையது. பேச்சு மணியனுடையது. "வேண்டிக்கொள்கிறோம்" என்று நீ என்றைக்குப் பேசினாய்? வேண்டிக்கொண்டால் ஒரே ஆளாக வேண்டிக்கொள்வாய், அதையும் என் காதில் விழுகிற மாதிரிதான் செய்வாய்.

நாலு மாசம் கோபத்தில் எழுதவில்லை. நேற்று லீவு. சும்மா படுத்திருந்தேன். தொண்ணூத்தாறில் திருப்பூருக்கு வந்து இறங்கியது ஞாபகம் வந்தது. டிரங்குப் பெட்டியை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, பழைய பஸ் ஸ்டாண்டில், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றோமே. ஒரு ஆளிடம் வழி கேட்டாய். அவர் "அப்படியே போயி சோத்தாங்கை பக்கம் திரும்புங்க, ஏனுங்க, சாப்ட்டீங்களா?" என்றார். "இந்த ஊர்க்காரங்க வழி சொல்லும்போதுகூடச் சாப்பாட்டைக் கேக்குறாங்க, இங்கேயே இருந்துக்குவோம்" என்றாய். அப்படித்தான் இந்த ஊரில் தங்கினோம்.

அந்த லைன் வீடு ஞாபகம் இருக்கிறதா? பத்து வீட்டுக்கு ஒரு குழாய். பனியன் வேஸ்ட்டை அடைத்து நீ தைத்த தலையணை கல் மாதிரி இருந்தது. அதைத் தலைக்கு வைத்து என் கழுத்து பிடித்துக்கொண்டதற்கு, "கழுத்துதான் கோணல், தலையணை நல்லாத்தான் இருக்கு" என்று சண்டைக்கு வந்தாய். ஞாயிற்றுக்கிழமை நீ பச்சைச் சேலை கட்டி, தலை நிறையக் கனகாம்பரம் வைத்து, சினிமாவுக்குக் கிளம்பினால் லைன் வீட்டுப் பொம்பளைகள் அத்தனை பேரும் வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

மனையில் பூ வைக்கக் கூடாது என்றதும் நீ மறுபேச்சுப் பேசாமல் விட்டாய். நான்தான் ரொம்ப நாள் உன் தலையைப் பார்த்துப் பார்த்து வருத்தப்பட்டேன். அதையும் உன்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்ல எனக்கு எங்கே வருகிறது!

போன வாரம் பரோட்டா சாப்பிட்டேன். இதையும் கூடுகையில் வாசி. நாக்கில் எச்சில் ஊறினால் நான் பொறுப்பில்லை.

உன்
காசிமாயன்


சுடர்மனை, பெருமாநல்லூர் வழி
17.9.2004

புறத்தார் திரு. காசிமாயன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் வாசிக்கப்பட்டு எரிக்கப்பட்டது. உணவு, உடை, கேளிக்கை பற்றிய பேச்சு மனையார் மனத்தைக் கலைக்கும். இனி அத்தகைய செய்திகளைத் தவிர்க்கவும். மேலும், தாங்கள் குறிப்பிட்ட சேலை பச்சை அன்று. மாம்பழக் கலர், அரக்குப் பார்டர்.

இப்படிக்கு,
மனையார் சீனியம்மாள்


காங்கேயம்
20.1.2005

அன்புள்ள சீனிக்கு,

பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்தேன். இந்தக் கடிதத்தை எழுத நாலு நாளாகிறது.

ஆத்தா ஒரு இடம் பார்த்திருக்கிறது. செக்கானூரணிப் பக்கம், புருஷனை இழந்த பெண். "ஒம் பொண்டாட்டி ஒன்னவிட்டு அந்தச் சாமியாருதான் பெருசுன்னு ஒக்காந்துட்டா. நீ ஏண்டா எண்ணெய் மில்லுல ஒத்தையில கஞ்சி காச்சிக் குடிக்கிற?" என்று ஆத்தா மூக்கைச் சிந்துகிறது. என்னிடம் இருப்பது இரண்டு கடிதம், இரண்டும் மணியன் சொல்லி எழுதியது. ஒரே ஒரு வரி மட்டும் உன்னுடையது, அது சேலைக் கலரைப் பற்றியது. அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அதை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவேன், சீனி?

உன்மேல் கோபமில்லை. மனையில் உனக்கு நிம்மதி கிடைத்ததென்றால் அதைக் கெடுக்க எனக்கு உரிமையில்லை. மாசி கடைசிக்குள் பதில் சொல்லச் சொல்கிறது ஆத்தா. சரி என்று சொல்லிவிடலாமென்று இருக்கிறேன். இனி எழுதமாட்டேன். கூடுகையில் உன்னை எழுப்பி நிறுத்தி வாசிக்க வைத்ததெல்லாம் போதும்.

நல்லா இரு.

காசிமாயன்


பெருமாநல்லூர்
10.2.2005

அன்புள்ள மாமாவுக்கு,

சீனி எழுதுவது. இது மணியன் சொல்லி எழுதியதில்லை. மூக்கம்மாள் அக்கா வீட்டில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் ஓட்டு வீட்டில் உட்கார்ந்து நானே எழுதுகிறேன். அக்கா பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டு, "நல்லா நாலு வார்த்த நறுக்குன்னு எழுதுத்தா" என்கிறார். எழுதத்தான் போகிறேன்.

நான் மனையை விட்டு வந்து பத்து நாளாகிறது. எப்படி வந்தேன் என்று கேளுங்கள்.

உங்கள் முதல் கடிதத்தை எழுதியது எழுதியபடி வாசித்தேன். கரண்ட் போனால் பாடுவதைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் கூடுகையில் பாதிப்பேர் மூக்கை உறிஞ்சினார்கள். மாமன் மேல் கல் எறிவார்கள் என்று நினைத்தேன், இவர்கள் அழுகிறார்களே என்று எனக்கு ஆச்சரியம். அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. பெரியவரோ மணியனோ உங்கள் எழுத்தைப் பார்க்கமாட்டார்கள். வாசித்ததும் காகிதம் சாம்பல். அப்படியானால் நான் வாசிப்பதுதான் கடிதம்.

இரண்டாவது கடிதத்தில் பரோட்டாவுக்கு அடுத்து ஒரு வரி சேர்த்து வாசித்தேன். "வெளியே யாரும் நம்மை அடிக்கவில்லை, துரத்தவில்லை, சாப்பிட்டாயா என்றுதான் கேட்கிறார்கள்." நீங்கள் எழுதவில்லை, நான்தான். அந்த வாரமே மூக்கம்மாள் அக்கா, மகள் வயிற்றுப் பேத்தியைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார். கேட்டைத் தாண்டி நின்று, தன் வீடு எங்கே இருக்கிறதென்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டுப் போனார். யாருக்குக் கத்தினார் என்று எனக்குத் தெரியும்.

பிறகு இந்தக் கடைசிக் கடிதம். ஜனவரி இருபத்தெட்டு, வெள்ளிக்கிழமை. எழுந்து நின்று பிரித்தேன். ஆத்தா பார்த்த இடம் என்ற வரிக்கு வந்ததும் எனக்குக் கண்ணில் எழுத்தே தெரியவில்லை. அத்தனை பேர் முன்னால், இன்னொருத்தியைக் கட்டப்போகிறேன் என்று என் புருஷன் எழுதியதை நான் வாசிக்க வேண்டுமா? வாயில் வேறு வந்துவிட்டது. "சீனி, நான் காத்திருக்கிறேன். களத்து வேலைக்கு இரண்டு கை போதவில்லை. வா." இப்படித்தான் வாசித்தேன்.

மனைச் சட்டம் உங்களுக்குத் தெரியாததா? புறத்தார் கூப்பிட்டால், கூப்பிடப்பட்டவர் அந்த இடத்திலேயே நின்று, "இருக்கிறேன்" என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். எல்லோரும் சொல்லித்தான் பார்த்திருக்கிறோம். பெரியவர் எவ்வளவு அன்பாகக் கேட்டார் தெரியுமா? "சொல்லு கண்ணு, இருக்கறயல்ல? சொல்லிப்போடு சாமி." வாயைத் திறந்தேன். முதல் தடவையே வரவில்லை. மணியன் எடுத்துக்கூடக் கொடுத்தான். வரவில்லை மாமா. பெரியவர் எழுந்து போய்விட்டார். மூன்று நாள் யாரும் என்னோடு பேசவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. நாலாம் நாள் நானே கேட்டைத் திறக்கச் சொன்னேன்.

திரும்பிப் பார்த்து அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளை போன அன்று என்னை மடியில் போட்டுக்கொண்டவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

இப்போது உங்களைக் கேட்கிறேன். மூன்று கடிதம் எழுதினீர்கள். பரோட்டா எழுதினீர்கள், தலையணை எழுதினீர்கள். "வா" என்று ஒரு வார்த்தை எழுதினீர்களா? உங்கள் அய்யா செத்த அன்று கேட்டில் நின்று, "போயிட்டு வாரேன்" என்றீர்கள். என் முகத்தைப் பார்த்தீர்கள். "நீயும் வா" என்றீர்களா? சொல்லியிருந்தால் கட்டிய சேலையோடு வந்திருப்பேன்.

ஏன் சொல்லவில்லை என்றும் எனக்குத் தெரியும். புறத்தார் கூப்பிட்டால் கூப்பிடப்பட்டவர் கண் அவிந்துபோகும் என்று பெரியவர் சொன்னதை நம்பிக்கொண்டு இருந்தீர்கள். என் கண் நன்றாக இருக்கிறது. பஸ்ஸில் போர்டை நானே படித்து ஏறினேன். அக்கா வீட்டு அரிசியில் நான்தான் கல் பொறுக்குகிறேன். இங்கே ஒரு கம்பெனியில் செக்கிங் வேலையும் கிடைத்திருக்கிறது, ஊசி ஓட்டை ஒன்று தப்பாது.

செக்கானூரணிப் பெண்ணுக்கு வாக்குக் கொடுத்திருந்தால் நல்லபடியாக இருங்கள். நான் குறுக்கே வரமாட்டேன். நானே சொல்லிக்கொண்ட வார்த்தையை நம்பி மனையை விட்டு வந்தேன். அதே வார்த்தையை நம்பிக் காங்கேயத்துக்கு வரமாட்டேன். இனி நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சீனி


காங்கேயம்
17.2.2005, வியாழக்கிழமை

என் சீனிக்கு,

உன் கடிதத்தைக் களத்திலேயே உட்கார்ந்து படித்தேன். தூறல் போட்டதுகூடத் தெரியவில்லை. நாலு மூட்டைக் கொப்பரை நனைந்துவிட்டது. செல்லாத்தாம்மா திட்ட வந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவரே அள்ள ஆரம்பித்துவிட்டார்.

வாக்குக் கொடுக்கவில்லை. நேற்று ஆத்தாவுக்குப் போன் போட்டு, உன்னை ஏன் கூப்பிடாமல் இருந்தேன் என்பதையும் சொல்லி, முடியாது என்று சொல்லிவிட்டேன். அழுதது. பிறகு, "அவ கண்ணு நல்லா இருக்குல்ல?" என்று கேட்டது. சொன்னேன்.

நீ சொன்னதெல்லாம் சரி. கேட்டில் நின்று உன் முகத்தைப் பார்த்தபோது அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்லை, உன் கண்ணை வைத்துச் சூதாட எனக்குத் தைரியம் இல்லை. வெளியே வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. பூ வாசம் பிடிக்கிறேன், சினிமா பார்க்கிறேன், பரோட்டா தின்கிறேன், எதிலும் பயமில்லை. இந்த ஒன்றில் மட்டும் பயம் போகவில்லை. இப்போதுகூட எழுதலாமென்று நாலு தாளைக் கிழித்துவிட்டேன். கை அந்த எழுத்துக்கிட்டே போனதும் நின்றுவிடுகிறது. நீ கல் பொறுக்குகிறேன் என்று எழுதிய பிறகும் நிற்கிறது. சிரித்துக்கொள், திட்டிக்கொள்.

செல்லாத்தாம்மாவிடம் சொன்னேன். "கூப்புட வாய் வல்லீன்னா என்ன கண்ணு, காலு நல்லாத்தான இருக்குது? நேராப் போயி நில்லு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். உன் முன்னால் நின்று வாயால் சொல்லிப் பார்க்கிறேன். வராவிட்டால், நீ இருக்கும் இடத்திலேயே நானும் இருந்துவிடுகிறேன். பெருமாநல்லூரில் ஓவர்லாக் தைக்கிறவனுக்கு வேலை இல்லாமலா போய்விடும்?

உன்
காசி