417-க்கு நஸீஃபின் பதில்

கெய்ரோ,
நவம்பர் 12, ஞாயிறு மதியம்.

மதிப்பிற்குரிய சகோதரர் ரிஃபாத் அவர்களுக்கு,

வியாழக்கிழமை மாலை நாலரைக்கு ஒப்படைக்கப்பட்ட ஒரு தரைத்துளை, சனிக்கிழமை காலை வேலை தொடங்கும்வரை யாருடைய பொறுப்பு? ஏழரை மாதமாக இதை யோசிக்கிறேன். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

நீங்களும் சமீராவும் குழந்தைகளும் நலம் என்று நம்புகிறேன். மஸ்கட்டில் இப்போது வெயில் தணிந்திருக்கும். இங்கே அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. சுரங்க ரயில் நிலையத்தில் ஓடு பதிக்கிறார்கள். உங்கள் கட்டுமானக் குழுவும் காற்றோட்டக் குழுவும் இன்னும் அதே மாதிரிதான், பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு என் மூலமாகக் கடிதம் அனுப்பிக்கொள்கிறார்கள். ஒரு குழு கட்டும் சுவரிலும் தரையிலும் இன்னொரு குழு எங்கே ஓட்டை போடலாம் என்பதற்கு எண் கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றுவதே என் உத்தியோகம் என்று அம்மாவிடம் இன்னும் விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

இவையெல்லாம் சாதாரணச் செய்திகள். எழுத வந்தது வேறு.

நஸீஃபின் பெயரில் பன்னிரண்டு எண்கள் பதிவேட்டில் இன்னும் முடியாமல் கிடக்கின்றன. அவர் இருந்த காற்றோட்டக் குழுவில் அவற்றை ஏற்க யாரும் முன்வரவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் கூட்டத்தில் எழுத்தர் வரிசையாகப் படிப்பார். "417, முதல் அடித்தள விசிறி அறை, தரைத்துளை, பொறுப்பு நஸீஃப் கிர்கிஸ்." யாரோ இருமுவார்கள். "அடுத்தது" என்பார் காற்றோட்டக் குழு மேலாளர் லுத்ஃபி. ஏழரை மாதமாக இப்படி. நான் ஆவி, பேய் எதையும் நம்புகிறவள் அல்ல, உங்களுக்கே தெரியும். ஆனாலும் அந்தப் பெயர் வாசிக்கப்படும்போது வாசல் பக்கம் திரும்பிப் பார்ப்பதை என்னால் நிறுத்த முடியவில்லை.

இன்று காலை கூட்டத்தில், பத்தேகால் மணிக்கு, 417 திரையில் நிறம் மாறியது. புதிய பதில்: நஸீஃப் கிர்கிஸ்.

உங்களுக்குப் பின் வந்த ஹம்தியை உங்களுக்குத் தெரியாது. வாய்த்துடுக்கு அதிகம். "பாருங்க லுத்ஃபி சார், உங்க ஆளுங்கள்ல உசுரோட இருக்கறவன் ஒருத்தனும் பதில் குடுக்கறதில்ல. செத்தவரு குடுத்துட்டாரு" என்றார். இரண்டு பேர் சிரிக்கவும் செய்தார்கள். எழுத்தர் பதிலைத் திறந்தார். அப்படியே எழுதுகிறேன்:

"வந்து பார்த்தேன். மூடிப் பலகையை எடுத்துவிட்டார்கள். விளக்கும் இல்லை. கூட்டுப் பார்வை மறுபடி நடக்க வேண்டும். இருட்டில் யாராவது விழுந்துவிடுவார்கள். ஆள் வரும்வரை இங்கேயே நிற்கிறேன்."

எழுதிய நேரம்: மார்ச் 30, மாலை 6.04.

லுத்ஃபி எழுந்து வெளியே போனார். அவர் படிக்கட்டில் உட்கார்ந்து அழுததாகப் பிறகு சொன்னார்கள்.

காரணம் மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. விசாரணைக் கமிட்டி நஸீஃபுடைய கைக்கணினியை அலமாரியில் பூட்டி வைத்திருந்தது. போன வாரம்தான் வீட்டாரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். இன்று அவர் மகள் அதற்கு மின்னேற்றியிருக்கிறாள். சுரங்கத்துக்குள் இணைப்பு கிடைக்காமல் நின்றுபோன பதில், வீட்டு இணைப்பு கிடைத்ததும் கிளம்பி வந்துவிட்டது. அவ்வளவுதான். அதில் அமானுஷ்யம் ஒன்றும் இல்லை. இந்த விளக்கத்துக்குப் பிறகும் அதைத் திரும்பப் படித்தேன். அவர் அங்கே நின்றுகொண்டே இருந்திருக்கிறார், ரிஃபாத். நம்மில் யாராவது வருவோம் என்று.

அன்று நடந்ததை நாம் இருவரும் ஒருமுறைகூடப் பேசிக்கொண்டதில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

ரமலான் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. துளையை ஒப்படைக்கும் முன் நீங்கள், நான், நஸீஃப் மூன்று பேரும் சேர்ந்து நேரில் போய்ப் பார்க்க வேண்டும்; அதற்குத்தான் கூட்டுப் பார்வைத் தாள். என் அறையில் நின்றுகொண்டே அதை நிரப்பினோம். நீங்கள் கடிகாரத்தைக் காட்டி, "இன்ஜினியரம்மா, வீட்டுல பருப்பு சூப் காத்துக்கிட்டிருக்கு. நடந்துட்டு வந்ததாவே வெச்சுக்குவோம், காலாவது மிச்சம்" என்றீர்கள். நான் சிரித்தேன். "நான்கு மணி முதல் நாலே கால் வரை" என்று எழுதியது என் கை. அந்த மாதம் முழுக்க எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

நஸீஃப் பேனாவை வாங்கவில்லை. "பாக்காம கையெழுத்துப் போட்டா எனக்குச் சோறு எறங்காது, மேடம்" என்றார். நான்தான் வற்புறுத்தினேன். பாலத்தில் நெரிசலாகிவிடும், பாங்குக்கு முன் வீடு போய்ச் சேர முடியாது என்றேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "சரி, நீங்க ரெண்டு பேரும் கெளம்புங்க. எனக்கு நோன்பு இல்லயே. இங்க வேலையை முடிச்சுட்டு நான் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வர்றேன்" என்றார். கிறிஸ்தவராக இருந்தும் பகல் முழுவதும் அவரும் நம் முன்னால் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

தாள் கையெழுத்தானதும் உங்கள் ஆட்கள் தங்கள் பலகையையும் விளக்கையும் கழற்றிக்கொண்டு போனார்கள். ஒப்படைத்த பிறகு தங்கள் சாமானை எடுப்பது அவர்கள் வழக்கம். தவறு சொல்ல முடியாது. காற்றோட்டக் குழு தங்கள் மூடியைச் சனிக்கிழமை கொண்டுவருவதாக இருந்தது. அதிலும் தவறு இல்லை. மூன்று பேரும் போயிருந்தால் பலகை இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்போம். நோன்பு திறக்கும் நேரத்தில் அங்கே ஒருவரும் இல்லை. எட்டு மணிக்குக் காவலாளி அவரை இரண்டு தளம் கீழே கண்டான்.

கமிட்டி நம்மைக் கேட்டபோது, கூட்டுப் பார்வை முறையாக நடந்தது என்றீர்கள். அவர் ஏன் திரும்பிப் போனார் என்று தெரியாது என்றேன் நான். அதனால்தான் அறிக்கையில் அந்த வரி வந்தது: "அனுமதியின்றித் தானாக உள்ளே நுழைந்தார்." நீங்கள் அடுத்த மாதமே மஸ்கட் போனீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. நான் எங்கும் போகாமலேயே அதைத்தான் செய்தேன்.

அவர் மனைவி இரினி அந்த வரியை நீக்கச் சொல்லி மனுக் கொடுத்திருக்கிறார். நாளை விசாரணை. போன வாரம் நடைபாதையில் என்னைப் பார்த்து, "மேடம், கேஸ் ஸ்டவ்வ அணைச்சுட்டு மூணு தடவ திரும்பி வந்து பாக்கற மனுஷன். அவரு எப்படி அஜாக்கிரதையாப் போயிருப்பாரு? நீங்க கூட வேலை பாத்தவங்க, சொல்லுங்க" என்றார். நான் கைப்பையில் சாவியைத் தேடினேன்.

நாளை நடந்ததைச் சொல்லப் போகிறேன். "சொன்னதையே சொல்லுங்க" என்று நீங்கள் அனுப்பிய செய்தி கிடைத்தது. பதில் அனுப்பாததற்கு இந்தக் கடிதமே பதில். உங்கள் பெயரைச் சொல்லாமல் என் பெயரை மட்டும் சொல்ல வழியில்லை. தாளில் மூன்று கையெழுத்து இருக்கிறது. முடிந்தால் அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களாக எழுதிவிடுங்கள். உங்கள் பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். நீங்கள் கால் வைக்கும் தரையெல்லாம் உறுதியாக இருக்கட்டும். இதை நான் மனதார எழுதுகிறேன்.

இப்படிக்கு,
இனாஸ்

திங்கள் மாலை.

கடிதத்தை இன்னும் அனுப்பவில்லை. இன்று நடந்ததையும் சேர்க்கிறேன்.

சொன்னேன். தலைவர் அதிகம் கேட்கவில்லை. இளைய உறுப்பினர் ஒருவர், "நோன்புக் களைப்புல இருந்தீங்க, இல்லையா மேடம்?" என்று வழி காட்டினார். தாகமாக இருந்தது, அது காரணமல்ல என்றேன்.

தட்டச்சாளர் ஒரு தாளை நீட்டினார். "கமிட்டியும் சாட்சியும் சம்பவ இடத்தை நேரில் பார்வையிட்டனர், காலை 11 மணி" என்று முன்பே அச்சாகியிருந்தது. மணி பத்து நாற்பது. எல்லோரும் நாற்காலியில் இருந்தோம். தலைவர் பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் வைத்தார். "படம் எல்லாம் ஃபைல்ல இருக்கு. ரோடு ஒரே நெரிசல்."

நாம் இன்னும் போகவில்லை என்றேன். அவர் புரியாததுபோல் பார்த்தார். மறுபடியும் சொன்னேன். பின்வரிசையில் இரினி எழுந்து நின்று, "வாங்க மேடம், நாம போலாம். இவங்க அப்புறமா வரட்டும்" என்றார். தலைவர் பேனாவை மூடினார். பிறகு கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

ஏழு பேர் படியிறங்கினோம். அங்கே இப்போது இரும்புக் கம்பிவலை பொருத்தியிருக்கிறார்கள். அவர் எங்கே நின்றிருப்பார் என்று இரினி கேட்டார். கதவுப் பக்கச் சுவரைக் காட்டினேன். வருகிறவர்களைத் தடுக்க வேண்டுமானால் அங்கேதான் நிற்க வேண்டும். கதவுக்கும் துளைக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் அகலம்தான். இரினி அங்கே போய் நின்றார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

தலைவர் அங்கேயே, சுவரில் அறிக்கையை வைத்து, "அனுமதியின்றித் தானாக" என்ற வரியைக் கோடிட்டு அடித்தார். மூன்று உறுப்பினர்களும் பக்கத்தில் சுருக்கொப்பமிட்டார்கள். பார்வையிட்ட தாளில் பதினொன்றை அடித்து, பன்னிரண்டு இருபது என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டேன்.

மதியம் என்னைப் பணியிலிருந்து நிறுத்திவைத்தார்கள். வாசலில் என் நுழைவு அட்டையை வாங்கிக்கொண்டார்கள். உங்கள் மஸ்கட் முகவரியைக் கேட்டார்கள். கொடுத்தேன்.