மீட்டர் போர்டில் எரியாத விளக்கு

செவ்வாய், புரட்டாசி 6

வெயில். புரட்டாசி பிறந்தும் ஒரு பொட்டு மேகம் இல்லை. விதைப்புக்குக் காத்திருக்கிற காடெல்லாம் வாயைப் பிளந்து கிடக்கிறது.

ஏழு மணிக்கு இடைசெவலில் காரை எடுத்தேன். திருநெல்வேலியில் வீட்டுக்காரரைப் பிசியோதெரபிக்குள் விட்டுவிட்டு மரபெஞ்சில் ஒன்றரை மணி நேரம். அவருக்கு இடுப்பெலும்பு உடைந்து ஆறு மாதம். பஸ் படி ஏற முடியாது. செவ்வாயும் வெள்ளியும் இந்தக் கார் இல்லாவிட்டால் நடையும் இல்லை.

படிக்க ஒன்றும் இல்லாமல் காரோடு வந்த புத்தகத்தைப் புரட்டினேன். எண்ணெய்க் குடம் படம் போட்ட சிவப்பு விளக்கு: சாவியைத் திருப்பியதும் எரிய வேண்டும், இஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். ஓடும்போது எரிந்தால் ஆயில் பிரஷர் இல்லை, உடனே நிறுத்து.

போய்த் திருப்பிப் பார்த்தேன். பேட்டரி விளக்கு எரிந்தது. பிரேக் விளக்கு எரிந்தது. எண்ணெய் விளக்கு, ஊஹூம். மூன்று தடவை. இரண்டு வருஷத்துக்கு முன் ஓட்டப் பழகும்போது எரிந்தது, அதற்கப்புறம் பார்த்த ஞாபகமே இல்லை. எரியாமல் இருந்தால் நல்லதுதானே என்று இருந்துவிட்டேன், கழுதை.

வாங்க வேண்டியது: துவரம்பருப்பு, 28 கேஜ் செம்புக் கம்பி, அவருக்குக் கைலி.

புதன், 7

கோவில்பட்டி. எங்கள் கடையில் இரண்டு பம்புசெட் மோட்டார், ரெண்டும் புகைந்தவை. மத்தியானம் கார் மெக்கானிக்கிடம் போனேன்.

"யக்கா, லைட்டு எரிஞ்சாத்தான் கவலப்படணும். எரியலன்னா ஜாலியா ஓட்டுங்க."

"சாவியத் திருப்பும்போதே எரியலையே தம்பி. நாளைக்கு நெசமாவே கோளாறுன்னா அது எப்படிச் சொல்லும்?"

"பொம்பளையாளு மீட்டர் போர்ட ரொம்ப உத்துப் பாக்கக் கூடாதுக்கா. பயந்துருவீங்க."

சிரிப்பு வேறு. நான் பதினோரு வருஷமாக மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவள். எந்த மோட்டார் எதனால் புகைந்தது என்று மோந்து பார்த்தே சொல்லுவேன். சுண்டைக்காய் அளவு பல்பைப் பார்த்து நான் பயப்பட வேண்டுமாம்!

சாயங்காலம் அண்ணன் போன். "ஏட்டி பேச்சி, சாத்தூர்ல ஒருத்தர் பழைய வண்டி வெலைக்கு எடுக்குதாராம். வார செவ்வாக்கெழம கூட்டிட்டு வாரேன். அந்த இரும்ப வச்சுக்கிட்டு என்ன செய்யப் போற?"

கட்டிலில் இருந்து வீட்டுக்காரர்: "அண்ணன் சொல்லுததும் சரிதான்."

சோறு போட்டேன். தட்டில் கொஞ்சம் சத்தமாகவே விழுந்தது.

வியாழன், 8

கடை லீவு விட்டேன். சாவியைத் திருப்பி வைத்து, பிரஷர் இல்லாவிட்டால் விளக்கை எரிய வைக்கிற ஆயில் சுவிட்சின் வயரைக் கழற்றி இஞ்சின் இரும்பில் தொட்டு வைத்தேன். விளக்கு எரிந்திருக்க வேண்டும். எரியவில்லை. அப்படியானால் வயர், இல்லை பல்பு.

மீட்டர் போர்டு. நாலு ஸ்குரூ. இழுத்ததும் மடி நிறையக் கரிசல் புழுதி. பின்பக்கம் எண்ணெய் விளக்கின் பல்பைத் திருகி எடுத்தால், பல்பு முழுக்க வெள்ளை நாடா. நாங்கள் காயிலைச் சேர்த்துக் கட்டுகிற அதே பருத்தி நாடா. வலமிருந்து இடமாகச் சுற்றி, நுனியை உள்ளே செருகி முடிச்சு.

இவர் இடது கைக்காரர். விழுகிறவரை என்னோடு கடையில் காயில் கட்டினவர். அவர் கட்டினது எது, நான் கட்டினது எது என்று முடிச்சைப் பார்த்தே பிரித்து வைத்துவிடுவேன்.

பல்பைக் கொண்டுபோய் அவர் உள்ளங்கையில் வைத்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பழகும்போது இந்த லைட்டப் பாத்துட்டுத்தான ரயில்வே கேட்டுல வண்டிய விட்டுட்டு எறங்கி ஓடுன? ஒரு மாசம் வண்டியத் தொடல நீ. சுவிட்சுதான் மக்கர் பண்ணுதுன்னு மெக்கானிக் சொன்னான். மாத்துதவரைக்கும் மறைச்சு வைப்போம்னு..."

"ரெண்டு வருசமாவா மாத்துதீங்க?"

"மறந்துட்டேன் பேச்சி."

மறந்துவிட்டாராம். நான் பயந்தாங்கொள்ளி என்று அவராகவே முடிவு கட்டியிருக்கிறார். எத்தனை நாள் அவரையே பக்கத்தில் உட்கார வைத்து நெடுஞ்சாலையில் குருடாக ஓட்டியிருக்கிறேன். மெக்கானிக் சிரித்ததைவிட இது வலிக்கிறது. அழுதேன். அழுதுகொண்டே நாடாவை வெட்டினேன்.

பல்பை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். எரிந்தது. இஞ்சினைக் கிளப்பினேன். அணைய வேண்டும். அணையவில்லை, மினுக் மினுக் என்று நின்றது. சுவிட்சா, நிஜமாகவே பிரஷர் இல்லையா? தெரியாமல் எடுக்கக் கூடாது.

வெள்ளி, 9

பிசியோதெரபிக்குப் போகவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இவர் தானே பயிற்சி செய்தார். "அம்மா" என்று ஒரு சத்தம். போய்ப் பிடிக்கவில்லை. கோபம் இன்னும் போகவில்லை. இரண்டாவது சத்தத்துக்குப் போய்ப் பிடித்தேன்.

அண்ணன் போன், இவர்தான் சொல்லியிருப்பார்: "லைட்டு எரியுதுல்ல? அப்ப இஞ்சின் போச்சு. கெடைக்கிற வெலைக்குத் தள்ளிரு."

டிராக்டர் மெக்கானிக் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். அவரிடம் பிரஷரை அளக்கிற ஆயில் கேஜ் உண்டு. என்னைப் பார்த்துச் சிரிக்காமல், கேஜோடு வந்தார். சுவிட்சைக் கழற்றி அந்த ஓட்டையில் கேஜை மாட்டி, இஞ்சின் சூடாகிறவரை ஓடவிட்டார். ஊசி ஏறி நின்றது, இறங்கவே இல்லை.

"இஞ்சின் கல்லு மாதிரி இருக்கும்மா. இந்தச் சுவிட்சுதான் பொய் சொல்லுது. தூக்கிப் போடு."

சனி, 10

புது சுவிட்சு. நானே மாட்டினேன். சாவி: எரிந்தது. இஞ்சின்: அணைந்தது. பதினோரு தடவை. பக்கத்து வீட்டு மதினி எட்டிப் பார்த்து, "வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதா?" என்றாள். ஆகுது மதினி, ஆகுது.

தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. கையில் இருக்கிற எண்ணெய் போதும்.

செவ்வாய், 13

மூட்டம். தூறல் இல்லை.

பத்து மணிக்கு சாத்தூர்க்காரரோடு வருவதாக அண்ணன். எனக்கென்ன, ஏழுக்கே கிளம்பியாகிவிட்டது. இவர் கம்பு ஊன்றி வந்து தானே கதவைத் திறந்து ஏறினார்.

கயத்தாறு தாண்டி விளக்கு எரிந்தது. மினுக்கல் இல்லை, பட்டென்று சிவப்பு. பயந்தேன், இல்லை என்று பொய் எழுத மாட்டேன். ஓரம் கட்டி, இஞ்சினை அணைத்து, பானெட்டைத் தூக்கினேன். புது சுவிட்சின் அடியில் ஆயில் ஒழுகிக் கீழே சொட்டிக்கொண்டிருந்தது. என் தப்புதான். மரை கெட்டுவிடுமோ என்று பயந்து அரைகுறையாக இறுக்கியிருக்கிறேன். ஆயில் மட்டம் பார்க்கிற குச்சியைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் நுனிகூட நனையவில்லை.

ஒன்பதரை மணிவரை ஆறவிட்டேன். ஸ்பேனரால் நன்றாக இறுக்கினேன். டிக்கியில் இருந்த கேனில் பாதிக்கு மேல் ஊற்றினேன். இவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்த நாடா இருந்திருந்தா?" என்றார்.

"ஆயில் இல்லாம இஞ்சின் இறுகிப் பிடிச்சிருக்கும். நாம நடுரோட்டுல நின்னுருப்போம்."

"திரும்பிருவோமா பேச்சி?"

"ஏறுங்க."

சாவி, எரிந்தது. இஞ்சின், அணைந்தது. இறங்கிக் குனிந்து பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை. கிளம்பினோம்.

கங்கைகொண்டான் பக்கம் போகும்போது அண்ணன் போன். இவர்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏட்டி, ஆளு வந்து வாசல்ல நிக்குதாரு, வண்டிய எங்க? அந்த லைட்டு மறுபடி எரிஞ்சுதா இல்லையா, அதச் சொல்லு!"

"எரிஞ்சுது அண்ணே. நிப்பாட்டினேன், பாத்தேன், சரி பண்ணுனேன். இப்பம் திருநெல்வேலிக்குப் போய்க்கிட்டிருக்கோம்."

"நீ பேசாத. போன மாப்பிள்ளைட்ட குடு. அவிய விக்கத்தான சொன்னாவ?"

இவர் போனை வாய்ப் பக்கம் கொண்டுபோய், "வண்டி அவளுது மச்சான்" என்று சொல்லிக் கட் பண்ணிவிட்டார்.